கன உலோக விஷமும் மூலிகைச் சாறும்

வல்லாரைப் பொடியும் நீர்ப்பிரமித் தைலமும் நெல்லி லேகியமும் மூளைக்கு வலிவு தருவன என்று சொல்லி விற்கப்படுவது பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் புதிதன்று. பாட்டன் காலத்திலிருந்து வழங்கிவரும் அந்த நம்பிக்கையோடு இப்போது விஞ்ஞானத்தின் பெயரால் இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. ஈயம், பாதரசம், காட்மியம், பாஷாணம் ஆகியவற்றால் மூளைக்கு நேரும் கேட்டை மூலிகைச் சாறுகள் தடுக்கும் என்று பரிசோதனைச் சாலைகளில் கண்டிருப்பதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. இதைப் படிக்கும் குடியானவர்களுக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுவது இயல்பு. வீட்டில் குழந்தைகளுக்கு ஒரு கரண்டி லேகியம் கொடுத்தால் போதும் என்பது ஒன்று. வானம் பார்த்த பருத்தியையும் மக்காச்சோளத்தையும் விட்டு, விலை போகும் மூலிகைகளைப் பயிரிடலாம் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் பிழையானது. இரண்டாவது எண்ணம் நல்லதே, ஆனால் மண்ணைப் பாராமல் இறங்கினால் அதுவும் பிழையாகிவிடும்.

கன உலோகங்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஈயத்தையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் கலந்த ஈயம் சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷமிட்டு, அச்சத்து செல்லும் வழிகளிலெல்லாம் நுழைந்துவிடுகிறது. மூளையைக் காத்து நிற்கும் மெல்லிய தடையையும் அவ்வாறே கடக்கிறது. எலும்பில் குடியேறிய ஈயம் பல பத்தாண்டுகள் அங்கே தங்கியிருந்து, கருவுற்ற காலத்திலும் முதுமையிலும் மறுபடியும் இரத்தத்திற்கு வருகிறது. வளர்ந்தவனைக் காட்டிலும் சிறு குழந்தையின் குடல் நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் காய்ச்சலோ வலியோ பெரும்பாலும் காண்பதில்லை. பையன் சற்று மந்தமாயிருக்கிறான், பாடத்தில் மனம் நிலைக்கவில்லை, எளிதில் கோபங்கொள்கிறான் என்று மட்டுமே தெரியும். காரணம் ஈயம் என்று எவரும் ஐயுறுவதில்லை. இன்ன அளவுக்குக் கீழ் இருந்தால் தீங்கில்லை என்று ஈயத்துக்கு ஓர் எல்லை கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் என்றும், அவர்களில் 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர் என்றும் 2020-இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது.

இனி மூலிகைகளின் செய்தி. அதில் உண்மை இல்லாமலில்லை. அரியலூருக்கு அண்டையிலுள்ள கடலூர் ஜில்லாவில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு அலுமினியக் குளோரைடைக் கொடுத்து அவற்றின் ஞாபக சக்தியைக் கெடுத்து, நெல்லிக்காயின் துவர்ப்புச் சத்தையும் வெந்தயப் பொடியையும் கொடுத்துச் சோதித்தார்கள். 2016, 2017-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அந்த ஆராய்ச்சிகளில் கேடு குறைந்தது காணப்பட்டது. (அலுமினியம் கன உலோகமன்று. ஆயினும் மூளையைத் தாக்கும் வகையில் அவற்றோடு சேர்த்தே ஆராயப்படுகிறது.) பூண்டு, மஞ்சள், முருங்கை, அமுக்கரா முதலியவற்றைக் கொண்டும் இத்தகைய சோதனைகள் பல நடந்திருக்கின்றன. உலோகம் உடலின் அணுக்களில் ஒருவகை எரிச்சலை மூட்டுகிறது என்றும், இலைகளிலும் காய்களிலுமுள்ள துவர்ப்பு, நிறச் சத்துக்கள் அந்த எரிச்சலைத் தணிக்கின்றன என்றும் இவற்றின் சாரத்தைச் சொல்லலாம்.

ஆனால் எரிச்சலைத் தணிப்பது வேறு, உலோகத்தை வெளியேற்றுவது வேறு. இதை விளக்கமாய்க் காட்டும் ஆராய்ச்சி குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் நடந்து 2006-இல் வெளியாயிற்று. தண்ணீரில் பாஷாணத்தைக் கலந்து எலிகளுக்குக் கொடுத்து, வல்லாரைச் சாற்றையும் கொடுத்துப் பார்த்தனர். எரிச்சலின் அடையாளங்கள் குறைந்தன. ஆனால் இரத்தத்திலும் உறுப்புக்களிலும் தங்கிய பாஷாணத்தின் அளவு குறையவேயில்லை. வயலில் கோரையை மேலே அறுத்துவிட்டால் நிலம் சுத்தமானதுபோலத் தோன்றும். கிழங்கு மண்ணிலே இருக்கிறது என்பதைக் குடியானவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வல்லாரை செய்த வேலையும் அவ்வளவே. இதை மறைத்து முதற் பாதியை மட்டும் சொல்வோர் பொய் சொல்வதில்லை, எனினும் கேட்பவரை ஏமாற்றுகிறார்கள்.

இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் எலிகளோடு நின்றுவிடுகின்றன என்பதும், அநேக சோதனைகளில் விஷமும் மருந்தும் ஏக காலத்தில் கொடுக்கப்படுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கவை. மனிதரிடம் நடந்தவற்றுள் குறிப்பிடத்தக்க ஒன்று பாரசீக தேசத்து மஷாத் நகரில் மோட்டார் பாட்டரித் தொழிலாளர் 117 பேரிடம் செய்யப்பட்டு 2012-இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு நான்கு வாரம் பூண்டு மாத்திரையும், மறு சாராருக்கு டாக்டர்கள் வழக்கமாய்க் கொடுக்கும் மருந்தும் தரப்பட்டன. பூண்டு உண்டவர்களின் இரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மருந்து செய்ததற்கு இது பெரிதும் தாழ்ந்ததன்று. பக்கக் கெடுதிகளும் குறைவு. பூண்டுக்கு இது பெருமையே. ஆனால் ஐந்தில் நான்கு பங்கு ஈயம் அங்கேயே இருந்தது என்பதும் அதே கணக்குத்தான். பெரம்பலூரின் சின்ன வெங்காயமும் பூண்டின் இனமே என்று கொண்டு, பூண்டின் பலனை வெங்காயத்தின்மேல் ஏற்றிச் சொல்வதும் முறையாகாது.

மருந்துகளின் நிலைமைகூட இதைவிட அதிகம் மேலானதன்று. அமெரிக்காவில் ஈயம் ஏறிய குழந்தைகள் 780 பேரைக் கொண்டு நடந்த ஒரு பெரிய பரீட்சையின் முடிவு 2001-இல் வெளியாயிற்று. ஈயத்தைப் பற்றி இழுத்துச் சிறுநீரில் கழிக்கும் மருந்து அவர்களில் பாதிப்பேருக்குக் கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் ஈயம் குறைந்தது உண்மை. ஆனால் பின்னர் அறிவுச் சோதனை செய்து பார்த்தபோது, மருந்து உண்ட குழந்தைகளும் உண்ணாத குழந்தைகளும் ஒரே நிலையில் இருந்தார்கள். ஆஸ்பத்திரி மருந்தாலேயே மீட்க முடியாத கேட்டை வீட்டு லேகியம் மீட்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஆகவே உலோகம் உள்ளே போகாமல் தடுப்பதே முதல் வேலை. மூலிகையின் பேரைச் சொல்லி அந்த வேலையைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே ஆபத்து.

தவறான நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இராக் தேசத்துச் சம்பவம் ஒன்று போதும். 1971-இல் பஞ்ச காலத்தில் விதைக்கென்று அங்கே இறக்குமதியான கோதுமை பூஞ்சணத்திலிருந்து காக்கும் பொருட்டுப் பாதரச மருந்து பூசப்பெற்றிருந்தது. எச்சரிக்கைக்காகச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளின்மேல் எழுதியிருந்தது கிராமத்தாருக்குப் புரியாத பாஷையில். விதைப்புக் காலம் கடந்து வந்த அந்தக் கோதுமையைச் சிலர் கழுவிப் பார்த்தனர். சாயம் போயிற்று. சாயத்தோடு விஷமும் போயிற்று என்று எண்ணி அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றனர். ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர் 6,530 பேர், அங்கே இறந்தவர் 459 பேர். பிழைத்தவர்களிலும் பலர் கண்ணொளியும் நடையும் பேச்சும் கெட்டுப்போயினர். கண்ணுக்குத் தெரிவது மறைந்தால் விஷமும் மறைந்துவிட்டது என்று கொள்ளும் மனப்பான்மைதான் கழுவின கோதுமையிலும் இருந்தது, மூலிகைச் சாற்றிலும் இருக்கிறது.

இந்த விஷயத்தில் விவசாய இலாகாக்களும் தங்களைக் குற்றமற்றவர்களாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை. கரும்புக் கரணைகளை அகல்லால் கரைசலில் நனைத்து நடும்படி பல்லாண்டுகள் குடியானவர்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது. அது பாதரச மருந்தே. கையுறையின்றி அண்டாவில் கரணையை முக்கி எடுத்த கைகள் எத்தனை என்பதற்குக் கணக்கு எதிலும் இல்லை. அவ்வகை மருந்துகளில் கடைசிவரை அனுமதியில் இருந்த மீத்தாக்சி எத்தில் மெர்க்குரிக் குளோரைடு 2018 ஆகஸ்டில்தான் மத்திய சர்க்காரால் தடுக்கப்பட்டது. எறையூர் ஆலைப் பக்கத்திலோ வேறெங்கோ ஒரு பழைய களஞ்சியத்தின் மூலையில் இம்மாதிரி டப்பா இன்னமும் கிடக்குமானால், அதை வாய்க்காலில் கொட்டிவிடாமல் வேளாண் உதவி அலுவலரிடம் தெரிவித்து அப்புறப்படுத்தவேண்டும்.

உலோகம் வரும் வழிகள் இவ்விரு ஜில்லாக்களிலும் வேறு என்ன இருக்கக்கூடும்? அரியலூர் என்றதும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் நினைவுக்கு வருகின்றன. சிமெண்டுச் சூளைகள் உலகெங்கும் பாதரசத்தைப் புகையில் விடுகின்றன என்பதும், மனிதர் செய்கையால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் நூற்றுக்கு 11 பங்கு சிமெண்டுத் தொழிலைச் சேர்ந்தது என்பதும் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீடு. இதைக்கொண்டு அரியலூரின் இன்ன கிராமத்து மண் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அந்த மண்ணை எடுத்துப் பரீட்சை செய்தால்தான் சொல்லலாம். ஆலையின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பரீட்சை செய்யாதிருப்பதும், ஆலையில் வேலை கிடைக்கிறது என்பதற்காகப் பரீட்சை செய்யாதிருப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்கள்.

மண்ணின் குணம் இங்கே குடியானவர்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. சுண்ணாம்பு கலந்த காரத்தன்மையுள்ள கரிசல் ஈயத்தையும் காட்மியத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். வேர் வழியாக அவை பயிருக்கு ஏறுவது புளிப்பு நிலத்தைக் காட்டிலும் குறைவு. பாஷாணம் மட்டும் காரநிலத்தில் இளகிக்கொடுப்பது உண்டு. ஆனால் வேரை மண் தடுத்தாலும் இலையின்மேல் படியும் தூசியை எது தடுக்கும்? கீரையையும் மூலிகையையும் பொறுத்தவரையில் வேரைக் காட்டிலும் இலையே கவனிக்கவேண்டிய வாயில். லாரிகள் ஓடும் சுரங்கச் சாலையோரமும், பெரம்பலூர் வழியே செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் ஓரமும் மூலிகை பறிப்பதற்கு ஏற்ற இடங்களல்ல. பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. எனினும் அதற்கு முன் விழுந்த ஈயம் மேல்மண்ணை விட்டு எளிதில் போவதில்லை.

ஆலையையும் சாலையையும் விட அருகிலே, வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிற வழி ஒன்று உண்டு. டிராக்டரிலும் மோட்டாரிலும் மின்சாரச் சேமிப்பிலும் உபயோகித்துத் தேய்ந்த பாட்டரி ஒவ்வொன்றிலும் பல கிலோ ஈயம் இருக்கிறது. அதை உடைத்து உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பதும், எடைக்குப் போடுமுன் அமிலத்தைக் கொல்லையில் கொட்டுவதும் அற்பக் காரியமாகத் தோன்றும. செனகல் நாட்டில் டக்கர் நகரை அடுத்த தியாரோய் என்னும் ஊரில் பழைய பாட்டரி உடைத்த மண்ணைக் கிளறி ஈயம் எடுத்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் அவ்வூரில் 18 குழந்தைகள் இறந்தன. பழைய பாட்டரியை விற்பனையாளரிடமோ பதிவு பெற்ற சேகரிப்பாளரிடமோ திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின் கருத்து. கிராமத்தில் ஈயம் உருக்கும் புகை எழுந்தால் அதை ஒரு ஏழையின் பிழைப்பு என்று கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பாராமுகமாய் இருத்தல் தகாது. அந்த ஏழையின் குழந்தையே முதலில் கெடுவது.

ஈயம் என்னும் சொல்லே சில வீடுகளில் குழப்பம் விளைவிக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாயிருக்கவேண்டும், அது தீங்கற்றது. அதில் விலை மலிந்த காரீயம் கலக்கப்பட்டிருந்தால் புளியின் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தோடு சேர்த்துவிடும். சொம்பு வாங்கும்போது இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கேட்டறிந்து வாங்கவேண்டும்.

இனி மூலிகை பயிரிடுவோர் கருத்தூன்றவேண்டிய பகுதி. வல்லாரையும் நீர்ப்பிரமியும் உலோகங்களைத் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும் இயல்புள்ளவை. லக்னோவிலுள்ள தேசியத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் நீர்ப்பிரமி தண்ணீரிலுள்ள பாதரசத்தை உறிஞ்சிச் சேர்ப்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். மலேசியாவில் எந்த மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அறிய வல்லாரையையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று கண்டிருக்கிறார்கள். கொடைக்கானலில் 2001 மார்ச்சில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றிப் பாதரசம் பரவியிருந்தது என்பதற்குச் சாட்சி சொன்னவையும் மரப்பாசியும் கற்பாசியுமே. அவற்றில் பாதரசம் ஏறியிருந்ததை ஐதராபாத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் 2003-இல் வெளியிட்டனர். அப்படியானால் அழுக்கு நீர் தேங்கும் ஓடையிலும் சாக்கடை விளிம்பிலும் செழித்து நிற்கும் வல்லாரை எதைச் சேர்த்து வைத்திருக்கும்? ஈய விஷத்துக்கு மருந்தென்று கொடுக்கும் இலையே ஈயத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் விபரீதம் கற்பனையன்று.

மஞ்சளில் அது நடந்தும் இருக்கிறது. கன உலோகத்திலிருந்து மூளையைக் காக்கும் பொருள்களுள் மஞ்சளின் நிறச் சத்து அதிகமாகப் பேசப்படுவது. அதே மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றும் பொருட்டு ஈயக் குரோமேட்டு என்னும் மஞ்சள் சாயத்தைப் பூசும் வழக்கம் வங்காள தேசத்தில் இருந்தது. 2019-இல் சோதித்த கடைமஞ்சளில் நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம் அகப்பட்டது. சர்க்கார் ஆலைகளைச் சோதித்து அபராதம் விதித்து, ஜனங்களுக்கும் விளம்பரம் செய்ததன் பயனாக 2021-க்குள் அது முற்றிலும் இல்லையாயிற்று. ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலும் ஈயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. ஒரு சாறும் கொடுக்காமல், வரும் வழியை அடைத்த மாத்திரத்தில், இரண்டே ஆண்டில் கிடைத்த பலன் இது. இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மஞ்சளைப் பற்றி 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சி, பாட்னாவில் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் ஈயமுள்ள மஞ்சள் கிடைத்ததாகக் கூறுகிறது. சட்டம் அனுமதிப்பது பத்து லட்சத்தில் 10 பங்கே.

மூலிகை மருந்துகளின் நிலையும் இவ்வாறே. இணையத்தின் மூலம் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகள் 193-ஐ சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவற்றில் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. உலோகத்தைச் சேர்த்தே செய்யும் ரச வகை மருந்துகளை ஒதுக்கிவிட்டாலும், வெறும் மூலிகை என்று சொல்லப்பட்டவற்றிலும் நூற்றுக்கு 17-இல் அவை காணப்பட்டன. உலோகங்களைச் சுத்தி செய்து மருந்தாக்கும் முறை சித்த வைத்தியத்தில் உண்டு. அது கற்றுத் தேர்ந்த வைத்தியரின் பொறுப்பு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. யாரும் சேர்க்காமலே இலையோடும் தூசியோடும் வந்து சேரும் உலோகத்தைப் பற்றியதே இங்கே கவலை. மூலிகை மருந்தில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கும், பாஷாணம் 3 பங்கும், பாதரசம் 1 பங்கும், காட்மியம் 0.3 பங்கும் தாண்டலாகாது என்று அளவு வகுத்திருக்கிறார்கள். 2006 ஜனவரி முதல் வெளிநாட்டுக்கு அனுப்பும் மூலிகை மருந்துகளுக்கு இப்பரீட்சை கட்டாயம். வாங்கும் வியாபாரி ஒருநாள் இந்தக் கணக்கைக் கேட்பான். கேட்டபிறகு வயலைத் திருத்த முடியாது.

இவ்விடத்தில் இலாகாவிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எழுகிறது. 2015-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் குடியானவர்களுக்குக் கொடுக்கப்படும் மண்வள அட்டையில் 12 குணங்கள் எழுதப்படுகின்றன. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகிய நான்கு உலோகங்களின் அளவும் அவற்றுள் அடங்கும். இதைப் பார்த்த அநேகர் உலோகப் பரீட்சை ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த நான்கும் பயிருக்குப் போதுமா என்று அறியவே சோதிக்கப்படுகின்றன. ஈயம், காட்மியம், பாஷாணம், பாதரசம் அட்டையில் கிடையாது. எல்லா நிலத்துக்கும் இவற்றைச் சோதிப்பது வீண் செலவென்று இலாகா சொல்லலாம். அது ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் மூலிகையோ கீரையோ பயிரிடுவோர் நிலத்துக்கும், ஆலை, சுரங்கம், குப்பைமேடு, நெடுஞ்சாலை ஆகியவற்றை அடுத்த நிலத்துக்கும் இந்நான்கையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது இலாகாவின் கடமையாகவேண்டும். மூலிகை பயிரிட உதவித்தொகை வழங்குவோர் மண்பரீட்சைத் தாளை முன்னதாகக் கேட்பது உதவித்தொகைக்கும் பாதுகாப்பு. நகரக் குப்பை உரத்தை விற்கும் நகராட்சிகளிடமும் அவ்வாறே கேட்கலாம். அவ்வுரத்தில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேலும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தலாகாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. தாளைக் காட்டாத உரம் இலவசமாய் வந்தாலும் மூலிகைப் பாத்திக்கு வேண்டியதில்லை.

அப்படியானால் தாவரங்களால் குழந்தையின் மூளையைக் காக்க வழியே இல்லையா என்றால், உண்டு. அது சாற்றில் இல்லை, சோற்றில் இருக்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும். இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயமுள்ள பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அச்சத்துக்கள் போதாமல் இருந்தால் அவற்றைக் கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் விதித்தது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கு காட்டுகிறது. அவர்களே ஈயத்துக்கு எளிதில் இரையாவோர். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் ஏறத்தாழ அவ்வளவு உண்டு. பெரம்பலூர்ப் பக்கத்துப் புன்செய்களில் கேழ்வரகும் கம்பும் இருந்த இடத்தைப் பருத்தியும் மக்காச்சோளமும் பிடித்துக்கொண்டன. பணம் வந்தது, களி போயிற்று. பணப்பயிரை விட்டுவிடும்படி எவரும் சொல்லமாட்டார். ஆனால் அரைக் காணிக் கேழ்வரகு வீட்டுக்கென்று இருப்பதால் நஷ்டமொன்றும் வந்துவிடாது. வல்லாரையைத் துவையலாக உண்பதற்கும் தடையில்லை, நல்ல மண்ணில் வளர்ந்து நன்றாகக் கழுவியதாயிருக்குமட்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்க காரியங்கள் பெரியவையல்ல. உரிம எண்ணும் செய்தவர் விலாசமும் இல்லாத மருந்துப் புட்டியைப் பள்ளிக்கூட வாசலில் மூளைமருந்து என்று விற்பானாகில், அதை விசாரித்து மேலே எழுதலாம். ஈயம் கலந்த வீட்டு வர்ணங்களுக்கு 2017 நவம்பர் முதல் பத்து லட்சத்தில் 90 பங்கு என்னும் எல்லை அமலில் இருக்கிறது. அதற்கு முன் பூசிய அங்கன்வாடிக் கதவுகளையும் ஜன்னல்களையும் உலர்ந்தபடியே சுரண்டாமல், நனைத்துச் சுரண்டி, தூளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அகற்றச் செய்யலாம். பாட்டரி உடைக்கும் இடத்தைப் பற்றி முன்னரே சொல்லப்பட்டது.

மூலிகை பயிரிட நினைக்கும் குடியானவர்கள் இந்தப் பருவத்துக்கு முன்னதாகவே மாதிரி எடுத்துவிடுதல் நலம். வயலின் பல இடங்களில் ஆறு அங்குல ஆழம்வரை மரக் கரண்டியாலோ மூங்கில் தப்பையாலோ மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, புதிய துணிப்பையில் கட்டவேண்டும். துருப்பிடித்த மண்வெட்டியும் பழைய உரச்சாக்கும் உதவா. வல்லாரை முன்னமே நிற்குமானால் இலையிலும் இரண்டு மாதிரி எடுக்கவேண்டும். ஒன்று பறித்தபடியே, மற்றொன்று மும்முறை நல்ல நீரில் கழுவியது. இரண்டின் கணக்குக்கும் வித்தியாசம் பெரிதானால் உலோகம் தூசியில் வருகிறது. அப்போது வேலியோரம் அடர்ந்த மரவரிசை வைத்து, கழுவி உலர்த்தி விற்கலாம். இரண்டும் ஒத்திருந்து அளவு மிகுந்தால் மண்ணிலிருந்தோ நீரிலிருந்தோ வருகிறது. அந்த நிலத்தில் மூலிகையையும் கீரையையும் தவிர்த்துப் பருத்தி போடுவதே சரி. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம், இம்மாதிரிகளை எந்தப் பரிசோதனைச் சாலைக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டு, நான்கு உலோகங்களின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதாவிட்டால் வழக்கமான பன்னிரண்டே பார்க்கப்பட்டு வரும்.